இருபத்தொன்பதாம் நாள் பதில்

என் வீட்டு வரவேற்பறையில் ஒரு பாராட்டுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. மலைப்பகுதி நேயர்களிடமிருந்து ஒரு புகார்கூட வராமல் வானொலிச் செயலியை நடத்தியதற்காகத் தலைமையகம் எனக்குக் கொடுத்தது. வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "பரவாயில்லையே, ஒரு புகார்கூட இல்லையா?" என்பார்கள். என் மனைவி காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, "புகார் சொல்ற வழியையே அடைச்சவரு. அதுக்குக் குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். முப்பத்து நான்கு வருஷ வேலைக்கு இதைவிடச் சுருக்கமான மதிப்பீட்டை நான் கேட்டதில்லை.

நீங்கள் டிஜிட்டல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஒலிப்பதிவைப் பற்றியோ செயலியைப் பற்றியோ உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. என் ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று நேற்றுகூட பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். நான் அதிகாரத்தோடு பேசக்கூடிய விஷயம் ஒன்றுதான், என் சொந்த முட்டாள்தனம். அதில் எனக்கு நல்ல பணிமூப்பு உண்டு.

நம் நிலையம் காலையில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் ஒலிபரப்பி வந்தது. வானொலியில் கணக்கா என்று சிரிக்காதீர்கள். பாடம் நடத்தியவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லி, "எழுதிக்கொள்ளுங்கள்" என்று நிறுத்துவார். எழுதுவதற்கு ஒரு நிமிஷம் மௌனம். அந்த ஒரு நிமிஷத்தில் நிலையம் பழுதாகிவிட்டதென்று நினைத்து நானே இரண்டு முறை கட்டுப்பாட்டு அறைக்கு ஓடியிருக்கிறேன். மொத்தம் நாற்பது பாடங்கள். இருபத்திரண்டு முடிந்திருந்தபோது செயலி வந்தது. மீதி பதினெட்டைச் செயலியில் போட்டுவிட்டு, காலை நேரத்துக்குச் சினிமாப் பாட்டு கொடுங்கள் என்று மேலிருந்து உத்தரவு. செயலியை எத்தனை பேர் இறக்கினார்கள் என்பதுதான் அப்போது எல்லார் வாயிலும்.

செயலிக்கு நான்தான் பொறுப்பாளர். சோதனை செய்தோம். நிலையத்தில் மூன்று பேர் மூன்று ஃபோனில் திறந்து பார்த்தோம். மூன்றும் ஒரே கடையில், ஒரே தீபாவளித் தள்ளுபடியில், ஒரே நாளில் நாங்கள் சேர்ந்து போய் வாங்கியவை. மலையிலும் சோதிக்க வேண்டும் என்றார்கள். ஜமுனாமரத்தூருக்குப் போனேன். விடுதி அறையில் வைஃபை இருந்தது. கட்டிலில் படுத்தபடி செயலியைத் திறந்தேன், பாடியது. பலாச்சுளை வாங்கிக்கொண்டு இறங்கிவந்து, 'ஜவ்வாது மலைப் பகுதியில் நேரில் சோதிக்கப்பட்டது, சிறப்பாக இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை. கட்டில் மலையில்தான் இருந்தது.

புகார் சொல்ல ஒரு பெட்டி வேண்டும் என்றார்கள். வைத்தோம், செயலிக்குள்ளேயே. செயலி திறக்கிறவர்களுக்குப் புகார் இல்லை, திறக்காதவர்களுக்குப் பெட்டி இல்லை. வருஷக் கடைசியில் மலைப்பகுதிப் புகார்கள் பூஜ்யம் என்று அறிக்கை அனுப்பினேன். சான்றிதழ் வந்தது. மேடையில் வாங்கும்போது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. இப்போது நினைத்தால் வேறு காரணத்துக்குக் கலங்குகிறது.

அந்தச் சமயத்தில்தான் கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு மனு வந்தது. தகவல் உரிமைச் சட்டப்படி எழுதியிருந்தது. நிலையத்தின் பொதுத் தகவல் அலுவலரும் நானே. எழுதியிருந்தவர் மலைமேல் ஓர் அங்கன்வாடியில் உதவியாளராகச் சமையல் செய்கிற அமுலு என்கிற பெண். அந்த மனு எனக்கு இன்னும் மனப்பாடம்.

'உங்கள் வானொலியில் கணக்குப் பாடம் இருபத்திரண்டு வரை கேட்டோம். மீதி செயலியில் இருக்கிறது என்கிறீர்கள். எங்கள் பட்டன் ஃபோனில் செயலி இறங்காது. ஆலங்காயம் ஃபோன் கடையில் மெமரி கார்டில் ஏற்றித் தரச் சொன்னோம். பாட்டு ஏறுகிறது, பாடம் ஏறவில்லை, பூட்டுப் போட்டிருக்கிறது என்றார் கடைக்காரர். எனக்கு வேண்டிய தகவல் இரண்டு. அந்தப் பூட்டைப் போட்டது யார்? எதற்காகப் போட்டார்?'

இவ்வளவுதான். தேர்வுத் தேதியையும் கீழே எழுதியிருந்தார். ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தது.

இங்கே நம் அலுவலகத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தகவல் மனுவுக்கு முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இருபத்தொன்பதாம் நாள்தான் தர வேண்டும் என்பது எங்கள் சம்பிரதாயம். சீக்கிரம் பதில் போட்டால், இவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று இன்னொரு மனு போடுவார்களாம். எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குச் சொன்னது, அவருக்கு முன்னால் இருந்தவர் அவருக்குச் சொன்னது. நான் நாட்காட்டியில் இருபத்தொன்பதாம் நாளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்துக்கொள்வேன். வட்டம் போட்டால் வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி.

அந்த வட்டத்தன்று பதில் போட்டேன். 'தாங்கள் கோரிய தகவல்கள் அனைத்தும் நிலையத்தின் செயலியில் உள்ளன.'

தேநீர் நேரத்தில் இதைச் சொல்லிக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிகமாக. அந்தத் தகவல் செயலியில் இருக்கிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை. பின்னால் பார்த்தேன், இல்லை.

அமுலு மேல்முறையீடு போட்டார். விசாரிக்க வேண்டியவர் நிலையத் தலைவர். அவரை நாங்கள் மேடம் என்போம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் பதவி உயர்வு தள்ளிப்போனதால் அந்த நாற்காலிக்கு வந்தவர் என்று நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பதவி உயர்வு ஏன் தள்ளிப்போனது என்பதை மட்டும் வீட்டில் சொன்னதில்லை.

விசாரணை நாளில் அமுலு விடியலில் மலையிறங்கி, ஆலங்காயம் வந்து, வாணியம்பாடி வந்து, மூன்றாவது பேருந்தில் நிலையத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் பையிலிருந்து ஒரு பட்டன் ஃபோனை எடுத்து மேஜையில் எனக்கு நேராக வைத்தார்.

"சார், செயலில கீதுன்னு எழுதி கீறீங்க. ஃபோன எடுத்தாந்துட்டேன். இதுலயே தொறந்து காட்டுங்க, நான் பாத்து எழுதிக்கினு போய்ட்றேன். நாலு மணி பஸ்ஸ வுட்டா மலை ஏற முடியாது."

நான் அந்த ஃபோனைக் கையில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டு பொத்தானை அழுத்தினேன். டார்ச் எரிந்தது.

"இந்த மாடல்ல வராதும்மா" என்றேன்.

"அப்ப எதுல வரும்?"

"ஸ்மார்ட் ஃபோன்ல."

"எங்க அங்கன்வாடி டீச்சர் கைல ஒண்ணு கீது, டிபார்ட்மென்ட்ல குடுத்தது. அதுலயும் தொறக்கல. பழசாம். இன்னா சார், ஃபோன் பழசானா கணக்கும் பழசாய்டுமா?"

மேடம் குறுக்கிட்டு, "இந்தப் பாடம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்று கேட்டார். இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்கவே இல்லை.

"டீச்சரம்மா இந்த வருசத்தோட ரிடையர் ஆவுறாங்க மேடம். பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா அந்த வேலைக்கு நான் மனு போடலாம். பன்னெண்டு வருசமா அங்கதான் சமைக்கிறேன். மத்ததெல்லாம் பாஸ், கணக்கு ஒண்ணுதான் ரெண்டு வாட்டி போச்சு. உங்க ரேடியோல சொல்றவரு நிறுத்தி நிறுத்திச் சொல்றாரு, எனக்குப் புரியுது. மதியம் புள்ளைங்க தூங்கும்போது இன்னும் அஞ்சாறு பொம்பளைங்க வந்து குந்திக்குவாங்க, நான் கரும்பலகையில போட்டுக் காட்டுவேன். நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு."

மேடம் என்னைப் பார்த்தார். "பூட்டு யார் போட்டது?"

"தலைமையகம், மேடம்." நான் யோசிக்காமல் சொன்னேன். நம்மிடம் எல்லாத் தவறுக்கும் தயாராக இருக்கிற பதில் அது.

"கோப்பைக் கொண்டாங்க."

கொண்டுவந்தேன். செயலி தொடங்கும்போது தலைமையகம் ஒரு படிவம் அனுப்பியிருந்தது. பதிவு செய்தவர்கள் மட்டும் கேட்கலாமா, புதிய வகை ஃபோன்களுக்கு மட்டுமா, நகலெடுக்கத் தடை வேண்டுமா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். வேண்டுமென்றால் டிக் போடவும், நிலையத்தின் விருப்பம் என்று அடியில் தெளிவாக அச்சிட்டிருந்தது. எல்லாக் கட்டத்திலும் டிக். அடியில் என் கையெழுத்து, அந்தக் காலத்தில் நான் போட்டுக்கொண்டிருந்த நீண்ட வாலோடு.

ஏன் போட்டேன்? உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. காலியாக இருக்கிற கட்டத்தைப் பார்த்தால் வேலையை அரைகுறையாக விட்ட மாதிரி எனக்குத் தோன்றும். அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது. டிக், டிக், டிக். பூட்டு விழுந்தது அப்படித்தான்.

அமுலு எட்டிப் பார்த்தார். "அது நீங்களா சார்?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். தெருவில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"தொழில்நுட்பக் காரணங்கள் நிறைய இருக்கும் மேடம்" என்று ஆரம்பித்தேன்.

மேடம் குரலை உயர்த்தவில்லை. "சார், இது ஜனங்க வரிப்பணத்துல எடுத்த பாடம். இந்த ஃபோன் வாங்கினாத்தான் தருவோம்னு சொல்ல நமக்கு யாரு அதிகாரம் குடுத்தா? அவங்க கையில எது இருக்கோ அதுல போய்ச் சேரணும். இல்லேன்னா பட்டன் ஃபோன் வெச்சிருக்கிறவங்க நம்ம நேயர் இல்லேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நானே தலைமையகத்துக்கு அனுப்பறேன்." பிறகு உத்தரவைச் சொல்லச் சொல்ல என்னையே தட்டச்சு செய்ய வைத்தார். இரண்டு கேள்விக்கும் ஏழு நாளுக்குள் நேரான பதில்.

அமுலு நாலு மணிப் பேருந்தைப் பிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான் விசாரிக்கவில்லை. எனக்கு என் கவலை.

மறுநாள் தலைமையகத்திலிருந்து ஃபோன். "எழுத்துல எதுவும் ஒத்துக்காதீங்க. ஒருத்தருக்கு எழுதிக் குடுத்தா ஊர் பூரா கேக்கும். அந்த அம்மாவுக்கு ஒரு ஃபோன் குடுத்து மனுவை வாபஸ் வாங்கிடுங்க." எனக்கு அது மிகப் பெரிய ஞானமாகத் தோன்றியது. ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. என் பழைய ஸ்மார்ட் ஃபோனைத் துடைத்து, புது உறை போட்டு, செயலியையும் ஏற்றிக்கொண்டு மலையேறினேன். வளைவுக்கு வளைவு என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டு போனேன்.

அங்கன்வாடி வாசலில் அமுலு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஃபோனைக் கொடுத்தேன். கணியம்பாடிப் பக்கத்து விவசாயி மகன் நான். ஆனால் அன்றைக்கு ஏதோ வெளிநாட்டுத் தூதர் போல நின்றேன்.

"செயலி இதுலயே இருக்கும்மா. உங்க நம்பரைப் போட்டா ஒரு எண் வரும், அதைப் போட்டா திறந்துடும்."

பள்ளிக்கூடத்து மேட்டில்தான் என் ஃபோனுக்கு இணையம் கிடைத்தது; அங்கே ஏறி அவருடைய எண்ணைப் போட்டோம். அந்த எண்ணின் சிம் பட்டன் ஃபோனில் இருந்தது. குறுஞ்செய்தி வரவில்லை. "தண்ணித் தொட்டிகிட்டப் போனாத்தான் சார் சிக்னல் கீது" என்றார். நடந்தோம். தொட்டியடியில் பட்டன் ஃபோனுக்குக் குறுஞ்செய்தி வந்தது, என் ஃபோனில் இணையம் இல்லை. எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு மேட்டுக்கு ஓடினேன். ஐம்பத்தெட்டு வயது உடம்பு. மேலே போவதற்குள் அந்த எண் காலாவதி. மறுபடி தொட்டி, மறுபடி மேடு. மூன்றாவது முறை நான் ஓடும்போது அங்கன்வாடிப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று பார்த்தார்கள். 'நேரில் சோதிக்கப்பட்டது, சிறப்பாக இயங்குகிறது' என்ற என் வாசகம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அமுலு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஃபோனையும் உறையோடு திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் சார். இத்த நான் வாங்கிக்கினா அந்த அஞ்சாறு பேரு இன்னா பண்ணுவாங்க? ஆளுக்கொரு ஃபோன் எடுத்துக்கினு மலை ஏறுவீங்களா? பூட்ட எடுத்துட்டா கடைக்காரர் கார்டுல ஏத்திக் குடுத்துடுவாரு. அவ்ளோதான சார் கேட்டேன். பரிச்சைக்கு இன்னும் பதினெட்டு நாளுதான் கீது."

வாபஸ் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், இறங்கும்போது வளைவுகள் கண்ணில் படவே இல்லை.

அன்றிரவு பதிலை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் நாடகமாக இருக்கும். தூங்கிவிட்டேன், ஓடிய களைப்பு. மறுநாள் காலை அலுவலகத்தில் ஐந்து வரைவுகள் எழுதினேன். ஐந்திலும் பூட்டு தானாக வந்து மாட்டிக்கொண்டது போலவே இருந்தது. 'நிர்வாகக் காரணங்களால்', 'பாதுகாப்பு நடைமுறைகளின்படி'. இத்தனை வருஷமாக எழுதிய கை, என் பேச்சைக் கேட்க மறுத்தது. தலைமையகத்திலிருந்து வேறு இரண்டு முறை அழைப்பு. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நிச்சயம் மனசு மாறியிருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

ஆறாவது வரைவு இப்படி வந்தது. 'ஒன்று: பூட்டைப் போட்டது கீழே கையொப்பமிட்டுள்ள நான். இரண்டு: எதற்காகவும் இல்லை. பூட்டு இன்று காலை எடுக்கப்பட்டது.'

மேடத்திடம் காட்டினேன். படித்தார். "இதுல மாத்த ஒண்ணுமில்ல" என்று தபாலுக்கு அனுப்பினார். அவர் என்னைப் பாராட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதற்குச் சான்றிதழ் இல்லை.

பூட்டை எடுக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? மூன்று டிக்கை அழிக்க வேண்டும். நாலு நிமிஷம். அதில் இரண்டு நிமிஷம் நான் கடவுச்சொல்லை மறந்து தேடியது.

அடுத்த மாதம் மேடம் பாடத்தை மறுபடி காலை வானொலிக்குக் கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் அழைத்துப் பாடம் கேட்கிற ஒரு தொலைபேசி எண் வைத்தார். புகாரை அஞ்சலட்டையிலும் எழுதலாம் என்று தினமும் ஒலிபரப்பச் சொன்னார். நீங்கள் இன்றைக்குச் சாதாரணமாகச் செய்கிற அந்த வேலையெல்லாம் அங்கே தொடங்கியவைதான். நான் தொடங்கியதாக எங்காவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அந்த வருஷ அறிக்கையில் மலைப்பகுதிப் புகார் ஒன்று என்று எழுதினேன். மேடம், "ஒண்ணுதானா?" என்று கேட்டார். "வந்து சேர்ந்தது ஒண்ணு மேடம். வர வழியில்லாம நின்னது எத்தனைன்னு தெரியல" என்றேன். அதையும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். அடுத்த வருஷம் எனக்குச் சான்றிதழ் வரவில்லை.

ஓய்வு பெறுகிற வாரம் மறுபடி மலைக்குப் போனேன், கையில் ஃபோன் பெட்டி எதுவும் இல்லாமல். காலை ஒன்பதரை மணி. அங்கன்வாடியில் அமுலு பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து விரல் விட்டு எண்ணச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் உலை கொதித்தது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"டீச்சர் ஆயிட்டீங்களா?"

"இல்ல சார். டீச்சரு கீழ இருந்து வர்றாங்க, பஸ்ஸு பத்தரைக்குத்தான் வரும். அது வரைக்கும் நான் பாத்துக்குவேன்." எழுந்து உலையைக் கிளறிவிட்டு வந்தார். "அந்தப் பரிச்சையில நாலு மார்க்குல போச்சு. கார்டு வந்து முப்பத்திரண்டு பாடம் வரைக்கும் முடிச்சேன். பெரிய கணக்கு முப்பத்தாறுல இருந்து வந்துச்சு. அடுத்த வாட்டி பாஸ் பண்ணிட்டேன், ஆனா அதுக்குள்ள இங்க ஆளப் போட்டுட்டாங்க."

"அந்த நாலு மார்க்குக்கு நான்தாம்மா காரணம்" என்றேன்.

"தெரியும் சார். நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே." வருகைப் பதிவேட்டுக்குள்ளிருந்து என் கடிதத்தை எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழியாமல் ஒட்டுநாடா போட்டிருந்தார். "எத்தினியோ ஆபீசுக்கு அலைஞ்சு கீறேன். தப்பு என்னுதுன்னு ஒருத்தரும் எழுதிக் குடுத்ததில்ல. அதான் பத்திரமா வெச்சிக்கினு கீறேன்."

மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். கடிதத்தை மறுபடி பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டே வரி. இத்த மொத நாளே எழுதி இருக்கலாம் இல்ல சார்?"

அதற்குள் ஒரு பிள்ளை அழுதது, அவர் எழுந்து போனார். நான் பத்தரை மணிப் பேருந்திலேயே மலையிறங்கிவிட்டேன். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் போடவில்லை. இருபத்தொன்பது நாள் எப்போதோ முடிந்துவிட்டது.